கிண்டி பாம்புப் பண்ணை

கிண்டி பாம்புப் பண்ணை அல்லது சென்னை பாம்புப் பண்ணை என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில், கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி அமைந்துள்ள ஊர்வனவற்றுக்கான உயிரியல் பூங்கா ஆகும். இந்தியாவில் ஊர்வனவற்றுக்கெனத் தனியாக நிறுவப்பட்ட முதல் பூங்கா இதுவே. 1972ஆம் ஆண்டில் உரோமுலசு விட்டேக்கர் என்பவரால் கிண்டியில் நிறுவப்பட்டது. தற்போது சென்னை பாம்புப் பண்ணை அறக்கட்டளையால் நடத்தப்பட்டு வருகிறது. இந்தியப் பாம்புகள், முதலைகள், ஆமைகள், பல்லியினங்கள் ஆகியவற்றைக் காட்சிப்படுத்துவதும், அவற்றைப் பற்றிய அச்சத்தையும் தவறான நம்பிக்கைகளையும் மக்களிடையே நீக்குவதும், பாம்புக்கடி குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்துவதும் இப்பண்ணையின் முதன்மையான நோக்கங்களாகும்.

பெயர்

"பண்ணை" என்னும் சொல் பொதுவாகக் கோழி, மீன் முதலியவற்றைப் பயனுக்காக வளர்க்கும் இடத்தைக் குறிக்கும். ஆனால் இங்குப் பாம்புகள் தோலுக்காகவோ இறைச்சிக்காகவோ வளர்க்கப்படுவதில்லை. செயல்பாட்டின் அடிப்படையில் இது ஓர் உயிரியல் பூங்காவாகும். எனினும் மக்கள் வழக்கில் "பாம்புப் பண்ணை" என்னும் பெயரே நிலைத்துவிட்டது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள முதலைகளுக்கான பாதுகாப்பு மையமும் இதேபோல் "முதலைப் பண்ணை" என்றே அழைக்கப்படுகிறது.

அமைவிடம்

இப்பண்ணை சர்தார் பட்டேல் சாலையில், கிண்டி சிறுவர் பூங்காவுக்கு அருகில் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு ஏறத்தாழ ஒரு ஏக்கர் மட்டுமே. இதனை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. முன்னாளில் ஆளுநர் மாளிகையைச் சார்ந்த காடாக இருந்த இப்பகுதி, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான், வெளிமான், நரி ஆகியவற்றுடன் பலவகைப் பாம்புகளும் இக்காட்டில் இயற்கையாகவே வாழ்கின்றன. எனவே பண்ணையின் கூண்டுகளில் காணப்படும் சில இனங்கள் அதன் சுற்றுச்சுவருக்கு வெளியிலும் வாழ்கின்றன.

வரலாறு

தொடக்கம்

உரோமுலசு விட்டேக்கர் 1943இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் பள்ளிப்படிப்பை முடித்தார். பின்னர் அமெரிக்காவின் மயாமி நகரில், பாம்பு நஞ்சு எடுப்பதில் பெயர்பெற்ற பில் ஆசுட்டு நடத்திவந்த பாம்புக் காட்சியகத்தில் பணியாற்றினார். 1967இல் இந்தியா திரும்பிய விட்டேக்கர், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் பாம்புகளைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் வனத்துறையிடமிருந்து கிண்டியில் நிலம் பெறப்பட்டு, 1972இல் பண்ணை அங்கு மாற்றப்பட்டது. நகரின் நடுவில் அமைந்ததால் பள்ளி மாணவர்களும் வெளியூர்ப் பயணிகளும் இதனை எளிதில் காண முடிந்தது.

இந்தியாவில் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1972ஆம் ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அதுவரை புலி, யானை போன்ற பெரிய விலங்குகளைப் பற்றியே பாதுகாப்பு சார்ந்த பேச்சு இருந்துவந்தது. கண்டவுடன் அடித்துக் கொல்லப்படும் உயிரினமான பாம்பைப் பாதுகாக்க வேண்டும் என்பது பொதுமக்களுக்குப் புதிய கருத்தாக இருந்தது.

பாம்புத்தோல் வணிகமும் இருளர்களும்

அக்காலத்தில் இந்தியாவிலிருந்து பாம்புத்தோல் பெருமளவில் ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தது. கைப்பை, காலணி, இடைவார் ஆகியவை செய்வதற்காகச் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு முதலியவை கொல்லப்பட்டன. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் வாழும் பழங்குடியினரான இருளர்கள், பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ச்சி பெற்றவர்கள். தடத்தையும் வளையின் வாயில் உள்ள அடையாளங்களையும் கொண்டு உள்ளிருக்கும் பாம்பின் இனத்தைக் கணிக்கும் திறன் அவர்களுக்கு உண்டு. தோல் வணிகர்களுக்குப் பாம்புகளை விற்பது அவர்களுடைய வாழ்வாதாரங்களுள் ஒன்றாக இருந்தது. விட்டேக்கர் இருளர்களிடமிருந்து பலவற்றைக் கற்றுக்கொண்டார். பண்ணையின் தொடக்ககாலப் பணிகளில் அவர்களும் பங்கேற்றனர்.

1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. இத்தடை பாம்புகளுக்குப் பாதுகாப்பளித்தது; ஆனால் இருளர்களின் வருவாயை ஒரே நாளில் நிறுத்திவிட்டது. இச்சிக்கலுக்குத் தீர்வாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொன்று தோலை விற்பதற்கு மாறாக, உயிருடன் பிடித்து நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது சங்கத்தின் முறையாகும். இச்சங்கம் வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கி வருகிறது. அம்முதலைப் பண்ணையும் 1976இல் விட்டேக்கரும் அவரைச் சார்ந்தோரும் நிறுவியதே.

விட்டேக்கருக்கு 2018இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்பு பிடிப்போரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் அதே விருது வழங்கப்பட்டது. இவ்விருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கு அயல் இனமாகப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர்.

சட்டத் தகுதி

இந்திய உயிரியல் பூங்காக்களை நெறிப்படுத்துவதற்காக 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. இவ்வாணையம் பூங்காக்களைப் பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை, மிகச்சிறியவை என வகைப்படுத்துகிறது. கிண்டி பாம்புப் பண்ணை 1995இல் நடுத்தர உயிரியல் பூங்காவாக ஏற்பளிக்கப்பட்டது.

பொது உயிரியல் பூங்காக்களிலிருந்து வேறுபாடு

சென்னையில் விலங்குக் காட்சிச்சாலை என்பது புதிதன்று. அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு கிரீன் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். அது பின்னர் மூர் சந்தைக்கு அருகிலிருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டு, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிவுபெற்றது. இத்தகைய பொதுப் பூங்காக்கள் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த விலங்குகளைக் காட்டும் நோக்குடன் உருவானவை.

இதற்கு மாறாகக் கிண்டி பாம்புப் பண்ணை, பெரும்பாலும் இந்தியாவில் இயற்கையாக வாழும் ஊர்வனவற்றையே முதன்மைப்படுத்துகிறது. பார்வையாளர் ஒருவர் ஒட்டகச்சிவிங்கியைத் தம் வீட்டருகே காணும் வாய்ப்பு இல்லை. ஆனால் சாரைப்பாம்பையோ கட்டுவிரியனையோ தம் தோட்டத்திலோ வயலிலோ எந்நாளும் காணக்கூடும். ஆகவே இங்குப் பெறும் அறிவு நேரடியாகப் பயன்படக்கூடியதாக உள்ளது.

காட்சிப்படுத்தப்படும் உயிரினங்கள்

நச்சுப் பாம்புகள்

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு விளைவிக்காதவை. பாம்புக்கடி இறப்புகளுக்குப் பெருமளவில் காரணமானவை "பெரும் நான்கு" என அழைக்கப்படும் பின்வரும் பாம்புகளாகும்.

• நல்ல பாம்பு: படம் எடுக்கும். முட்டையிடும். இதன் நஞ்சு முதன்மையாக நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது.
• கட்டுவிரியன்: இரவில் நடமாடும். பளபளப்பான கருநிற உடலில் மெல்லிய வெண்பட்டைகள் காணப்படும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. தரையில் உறங்குவோரைக் கடிக்கும்போது, கடிபட்டதே தெரியாமல் போவதுண்டு.
• கண்ணாடி விரியன்: தடித்த உடலும் முதுகில் சங்கிலி போன்ற வட்டப் புள்ளி வரிசைகளும் கொண்டது. அச்சுறுத்தப்பட்டால் உரக்கச் சீறும். குட்டி ஈனும். இதன் நஞ்சு குருதி உறைதலைச் சீர்குலைத்துச் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது.
• சுருட்டை விரியன்: உருவில் சிறியது. உடலை வளைத்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் அறுப்பது போன்ற ஒலியை எழுப்பும்.

நச்சற்ற பாம்புகள்

சாரைப்பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு, மலைப்பாம்பு முதலியவை இப்பிரிவில் அடங்கும். பச்சைப் பாம்பு மென்மையான நஞ்சு உடையதாயினும் மனிதருக்கு ஆபத்தானதன்று.

பெண் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்து, தசைகளை விட்டுவிட்டுச் சுருக்குவதன் மூலம் வெப்பத்தை உண்டாக்கி அடைகாக்கும் இயல்புடையது. ஊர்வனவற்றில் இது அரிதான பண்பாகும்.

ஏனைய ஊர்வன

இந்தியாவில் வாழும் முதலையினங்கள் மூன்றாகும். அவை சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, சொம்புமூக்கு முதலை என்பனவாம். தமிழ்நாட்டின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் காணப்படுவது சதுப்புநில முதலை. கங்கைச் சமவெளியைச் சேர்ந்த சொம்புமூக்கு முதலை, நீண்டு மெலிந்த தாடையால் மீன்களைப் பிடித்து உண்பது. ஆண் விலங்கின் மூக்கின் நுனியில் சொம்பு போன்ற புடைப்பு இருப்பதால் இப்பெயர் பெற்றது. இவை தவிர ஆமைகள், உடும்பு முதலிய ஊர்வனவும் இங்குப் பராமரிக்கப்படுகின்றன. பதப்படுத்தப்பட்ட உயிரினங்களைக் கொண்ட ஒரு காட்சிக்கூடமும் உள்ளது.

கல்விப் பணி

பாம்புகளை அடையாளம் காணும் முறை, பாம்புக்கடிக்கான முதலுதவி, ஊர்வனவற்றின் சூழலியல் பங்கு ஆகியவை பற்றிப் பார்வையாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கு விளக்கம் அளிக்கப்படுகிறது. "கோப்ரா" என்னும் இதழை அறக்கட்டளை வெளியிட்டு வருகிறது. வனவுயிர் ஆவணப்பட இயக்குநரான சேகர் தத்தாத்திரி, பள்ளிப் பருவத்தில் இப்பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர் ஆவார்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழர் வாழ்வில் பாம்பு வழிபாட்டுக்குரியதாகவும் அச்சத்துக்குரியதாகவும் ஒருங்கே விளங்குகிறது. புற்றுக்குப் பால் வார்ப்போரே வீட்டுக்குள் வரும் பாம்பை அடித்துக் கொல்வதும் உண்டு. பரவலாகக் காணப்படும் சில நம்பிக்கைகளும் அவற்றின் உண்மை நிலையும் பின்வருமாறு.

• பாம்பு பால் குடிக்கும்: பாம்புகள் ஊன் உண்ணிகள். பால் அவற்றின் உணவன்று. பல நாள் நீரின்றி வைக்கப்பட்ட பாம்பு, தாகத்தால் எந்த நீர்மத்தையும் அருந்தக்கூடும்.
• பாம்பு மகுடி இசைக்கு ஆடும்: பாம்புகளுக்குப் புறச்செவி இல்லை. தரையின் அதிர்வுகளையும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளை ஓரளவும் அவை உணர்கின்றன. மகுடியின் அசைவைக் கண்டு தற்காப்புக்காகவே நல்ல பாம்பு உடலை அசைக்கிறது.
• நல்ல பாம்பும் சாரையும் இணை சேரும்: இவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. "பிணைந்தாடும் பாம்புகள்" எனக் கருதப்படுபவை பெரும்பாலும் ஒன்றையொன்று வெல்ல முயலும் இரு ஆண் சாரைகளே.
• கொம்பேறி மூக்கன் கடித்தபின் மரமேறி, கடிபட்டவரின் சிதைப்புகையைப் பார்க்கும்: இப்பாம்பு மரத்தில் வாழ்வது, மனிதருக்கு நச்சற்றது.
• பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும்: இதனால் "கண்கொத்திப் பாம்பு" என்ற பெயரும் ஏற்பட்டது. கண்ணைத் தேடித் தாக்கும் இயல்பு இதற்கு இல்லை.
• மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலைகள்: மழுங்கிய வாலே இரண்டாவது தலையெனத் தோன்றுகிறது. செல்வம் சேர்க்கும் என்ற மூடநம்பிக்கையால் இது பெரும் விலைக்குக் கடத்தப்படுகிறது.

இந்நம்பிக்கைகளுள் சில வெறும் கதைகளாக நின்றுவிடுவதில்லை. நச்சற்ற கொம்பேறி மூக்கன் கொல்லப்படுவதற்கும், மண்ணுளிப் பாம்பு காட்டிலிருந்து அருகிவருவதற்கும் இவையும் காரணமாகின்றன. எலிகளை உண்ணும் சாரைப்பாம்பு கொல்லப்படுவதால் இழப்பு உழவருக்கே ஏற்படுகிறது.

பாம்புக்கடி

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 இறப்புகளாகும். இறந்தோரில் பெரும்பாலானோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இதன்படி பாம்புக்கடி நேர்வுகளை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதலுதவி

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே சரியான முதலுதவியாகும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் ஏற்படும் முன் கழற்றிவிட வேண்டும். 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், பச்சிலை வைத்துக் காத்திருத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும். இறுகக் கட்டுவதால் குருதியோட்டம் தடைப்பட்டு, உறுப்பையே இழக்க நேரிடலாம். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயல்வதும் கூடாது, அதனால் இரண்டாவது கடி நேரக்கூடும், காலமும் வீணாகும்.

மந்திரித்தல் போன்ற முறைகள் பலன் தந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கடிக்கும் பாம்புகளுள் பல நச்சற்றவை. நச்சுப் பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அத்தகைய நேர்வுகளில் எந்த மருத்துவமும் இன்றியே மனிதர் பிழைத்துக்கொள்வார். அந்த அனுபவத்தை நம்பிக் காத்திருக்கும் அடுத்தவர், உண்மையில் நஞ்சேறியிருந்தால் உயிரிழக்க நேரிடுகிறது.

நச்சுமுறி மருந்து

பாம்பு நஞ்சுக்கு அறிவியல் அடிப்படையில் நிறுவப்பட்ட மருந்து நச்சுமுறி மருந்தாகும். சிறிதளவு நஞ்சைக் குதிரைகளுக்குப் பல தவணைகளில் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருள்களைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி இது தயாரிக்கப்படுகிறது. இந்தியாவில் கிடைக்கும் மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகச் செயல்படுவது. எந்தப் பாம்பு கடித்தது எனத் தெரியாவிடினும் நோய்க்குறிகளைக் கொண்டு இதனைச் செலுத்த இயலும்.

இம்மருந்துக்கான மூலப்பொருளான நஞ்சை வழங்குவதில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நீண்ட காலமாக முதன்மைப் பங்கு வகிக்கிறது. உரிமம் பெற்ற உறுப்பினர்கள் கொண்டுவரும் பாம்புகள், துணியால் வாய் கட்டப்பட்ட மண்பானைகளில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வைக்கப்படுகின்றன. அக்காலத்தில் சில முறை நஞ்சு எடுக்கப்பட்ட பின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இடப்பட்டுக் காட்டில் விடப்படுகின்றன. அடையாளமுள்ள பாம்பு உடனே மீண்டும் பிடிபட்டால் அது ஏற்கப்படுவதில்லை.

எனினும் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மருந்து, நாட்டின் வேறு சில பகுதிகளில் போதிய பயன் தருவதில்லை என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. குழிவிரியன்களின் கடிக்கும் இம்மருந்து ஏற்றதன்று. வட்டாரத்துக்கேற்ற மருந்துகளை உருவாக்க வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றுள்ளது.

நகர விரிவாக்கமும் பாம்புகளும்

பண்ணை தொடங்கப்பட்ட காலத்தில் சென்னையின் மேற்குப் புறநகர்கள் வயல்களும் ஏரிகளும் நிறைந்த பகுதிகளாக இருந்தன. அம்பத்தூர், முகப்பேர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் பின்னர் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் பெருகின. முகப்பேரில் "ஏரித் திட்டம்" என்னும் குடியிருப்புப் பகுதியின் பெயரே, அந்நிலத்தின் பழைய பயன்பாட்டைக் காட்டுகிறது. ஏரிக்கரையிலும் வரப்பிலும் வாழ்ந்த தண்ணீர்ப் பாம்பு, சாரை, நல்ல பாம்பு முதலியவை நகரம் வந்தபின்னும் முற்றிலும் அகலவில்லை. குப்பை சேரும் இடங்களில் எலிகள் பெருகுவதால் அவற்றுக்கு உணவும் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் வீடுகளுக்குள் வருகின்றன.

இத்தகைய சூழலில் பாம்பை இனங்காணும் அறிவு பயனுடையதாகிறது. எடுத்துக்காட்டாக, நச்சற்ற வெள்ளிக்கோல் வரையன் பாம்பு கட்டுவிரியன் எனத் தவறாகக் கருதப்பட்டு அடிக்கடி கொல்லப்படுகிறது. வெள்ளிக்கோல் வரையனின் பட்டைகள் கழுத்துப் பகுதியில் தெளிவாகவும் வாலை நோக்கி மங்கியும் இருக்கும். கட்டுவிரியனில் இது பொதுவாகத் தலைகீழாக அமையும். எனினும் ஐயமுள்ள பாம்பை நெருங்காமல் விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிப்பதே பாதுகாப்பானது. வீட்டைச் சுற்றிக் கல், செங்கல், விறகுக் குவியல்கள் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், இரவில் விளக்குடன் நடப்பதும், தரையில் படுப்பதைத் தவிர்ப்பதும் அல்லது கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுப்பதும் கடியைத் தவிர்க்க உதவும்.

வரம்புகள்

ஒரு ஏக்கர் நிலத்துக்குள் அமைந்திருப்பதால் பண்ணையை விரிவாக்குவதற்கான இடம் குறைவு. சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு இருப்பதும் இதற்குக் காரணமாகும். மேலும் கண்ணாடிக்குப் பின் அசையாமல் கிடக்கும் பாம்பைக் காணும் பார்வையாளர், அது உயிருடன் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பது ஊர்வனக் காட்சிச்சாலைகள் அனைத்திலும் காணப்படும் சிக்கலாகும். இவ்வதிர்வு பாம்புகளுக்குத் துன்பம் தருவது. பாம்புகள் குளிர்குருதி விலங்குகளாதலால் உணவு உண்டபின் பல நாட்கள் அசைவின்றி இருப்பது அவற்றின் இயல்பேயாகும்.

பார்வையாளர்களுக்கு

இப்பண்ணைக்கு நுழைவுக்கட்டணம் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை நாளாகும். கிண்டி தொடர்வண்டி நிலையத்திலிருந்தும் மெட்ரோ நிலையத்திலிருந்தும் பேருந்து மூலம் வரலாம். அருகிலுள்ள சிறுவர் பூங்கா, காந்தி மண்டபம் ஆகியவற்றையும் ஒரே நாளில் காண இயலும்.

இவற்றையும் பார்க்க

• கிண்டி தேசியப் பூங்கா
• சென்னை முதலைப் பண்ணை
• அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா
• இருளர்
• கட்டுவிரியன்
• நச்சுமுறி மருந்து